குருவி பெஞ்சில் சொன்னது

ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ என் எண்ணைத் தடுத்து வைத்து இன்றோடு இருபத்து மூன்று நாள். அண்ணியிடம் கெஞ்சித்தான் இந்த முகவரியை வாங்கினேன். கிழிப்பதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கிழி.

நீ கேள்விப்பட்டது உண்மைதான். கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இனி நான்தான் பயிற்சியாளர். நானாகப் போய்க் கேட்கவில்லை. முதல்வர் ஆள் அனுப்பினார். "உங்க அண்ணன் பதினொரு வருஷமா கட்டுன டீம். வெளியாள் வந்தா தலையும் புரியாது வாலும் புரியாது. நீங்க ஸ்கூல் பிள்ளைங்களை நல்லா ஆட வைக்கறீங்க, இங்க வந்து பாருங்க" என்றார். யோசிக்க இரண்டு நாள் கேட்டேன். அந்த இரண்டு நாளும் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனேன்.

உன் அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சுவரில் இருக்கும் குழுப் படங்கள் எட்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். உன் நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. எப்படித்தான் பதினொரு வருடம் இதில் உட்கார்ந்தாயோ.

முதல் நாள் பயிற்சிக்கு வந்தது ஆறே பேர். நாலு பேர் படிப்பை முடித்துவிட்டார்கள். மூன்று பேர், "சார் இல்லாத டீம்ல நாங்க இல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு கல்லூரிக்கு மாறிவிட்டார்கள். அடிபட்ட குருவி வீட்டில் கிடக்கிறாள்.

அவளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. மார்ச் மாத அரையிறுதியில் அவள் விழுந்து தலை தரையில் மோதியதும், ஐந்து நிமிடம் பெஞ்சில் உட்காரவைத்து நீ மறுபடி இறக்கியதும், அவள் போட்ட பந்துகளால் ஆட்டத்தை ஜெயித்ததும், திரும்பி வரும் பேருந்தில் அவள் வாந்தி எடுத்து மயங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. "தலை சுற்றுகிறது என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் இறக்கியிருக்க மாட்டேன்" என்று நீ விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தாய். அதற்கு மேலும் உன்னை ராஜினாமா செய்யச் சொன்னது அநியாயம். முதல்வர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். இதையாவது நம்பு.

ஆறு பேரை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

தங்கை


ஜூலை 5

தங்கைக்கு,

கிழிக்கவில்லை. கிழித்தால் உன் அண்ணி பொறுக்கி ஒட்டிவைத்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவாள்.

நான் எழுந்த சூடு ஆறுவதற்குள் நீ போய் உட்கார்ந்துவிட்டாய். முதல்வர் கூப்பிட்டாராம், இவள் போனாளாம். என்னை அனுப்பியதும் அதே முதல்வர்தான் என்பது உனக்கு மறந்துவிட்டதா? "அண்ணன் இருந்த இடம், எனக்கு வேண்டாம் சார்" என்று ஒரு வரி சொல்ல நாக்கு எழவில்லை. சரி, போகட்டும். நாற்காலிக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வை. நான் அப்படித்தான் வைத்திருந்தேன். பெருக்குகிற அம்மா எடுத்துப் போட்டிருப்பாள்.

என் பாடு இது. தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரு பொழுதுபோக்கு மன்றம். வருகிறவர்களுக்குப் பூப்பந்து மட்டையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், போகும்போது திரும்ப வாங்கி வைக்க வேண்டும். சதுரங்கப் பெட்டியில் ஒரு குதிரையைக் காணோம் என்று நேற்று ஒரு மேலாளர் என்னை நிற்கவைத்து விசாரித்தார். விசாரணை எனக்குப் பழகிவிட்டது.

ஆறு பேர் என்றாயே, யார் யார் என்று எழுதவில்லை. நெட்டை இருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவள் இடது பக்கம் திரும்ப மாட்டாள். கத்தாதே. கத்தினால் மூன்று நாள் கல்லாகிவிடுவாள். கூடைக்கு வலது பக்கம் நிறுத்திவிட்டு அவளை மறந்துவிடு, பந்து தானாக அவள் கைக்கு வரும். ஓட்டத்தை விடாதே. தினமும் காலையில் நாற்பது நிமிடம், மழை வந்தாலும் சரி.

குருவி பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம். அந்தப் பெண் அன்று வாயைத் திறந்திருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்து குதிரை தேடிக்கொண்டிருக்க மாட்டேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

அட்டை மடித்து வைத்தேன், நாற்காலியின் ஆட்டம் நின்றுவிட்டது. கோர்ட்டில் ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டதில் பதினொரு பேர் வந்தார்கள். உன் நாற்பது நிமிட ஓட்டத்தில் ஏழு பேர் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருக்கிற நாலு பேரில் ஒருத்தி கைப்பந்து ஆடியவள். பந்தோடு ஏதோ முன்பகை இருப்பதுபோல் எறிகிறாள். முதல் நாள் பலகையில் பட்டுத் தெறித்த பந்து அலுவலகக் கண்ணாடியில் போய் விழுந்தது. பீரங்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளோடு விடுதியில் ஒரே அறையில் இருப்பவள், "நான் சும்மா துணைக்கு வந்தேன் மேடம்" என்று சுவரோரமாக நின்றாள். பத்து பேர் சேரட்டும் என்று அவளையும் உள்ளே இழுத்தேன்.

முதல் போட்டியில் 74-க்கு 27. நாங்கள் எடுத்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை. தோற்றதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. பழைய ஆறு பேரும் கோர்ட்டில் வாயே திறப்பதில்லை, அதுதான் உறுத்துகிறது. தன் அணிக்காரியின் பின்னால் எதிரணிக்காரி வந்து நிற்பதை ஒருத்தி பார்க்கிறாள், பார்த்தும் அவளை எச்சரிக்க மாட்டேன் என்கிறாள். மோதி விழுந்த பிறகு கை கொடுத்துத் தூக்கிவிடுகிறாள். புதியவர்கள் நாலு பேரும் சந்தைபோல் கத்துகிறார்கள், இவர்கள் ஊமைபோல் ஓடுகிறார்கள். "பேசுங்கடி, பேசித் தொலைங்கடி" என்று கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை குருவியைப் பார்க்கப் போனேன்.

அவள் அப்பா தையற்காரர். தையல் இயந்திரச் சத்தம் அவள் தலையைப் பிளக்கிறது என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் போட்டிருக்கிறார். சன்னலுக்கு மூன்று மடிப்புத் துணியில் திரை தைத்து மாட்டியிருக்கிறார். அந்த அரை இருட்டில் குருவி படுத்திருக்கிறாள். ஐந்து வரி படித்தால் எழுத்து நெளிகிறதாம். அதனால் அவள் அம்மா பாடப் புத்தகத்தை வாசலில் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், உள்ளே இருந்து இவள் திருத்துகிறாள்.

கல்லூரியிலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. அடிபட்டதை மறைத்து ஆடியதால் அது அணிப் பணியில் நேர்ந்த காயமாகாது, வருகைப் பதிவும் போதாது, ஆகவே விளையாட்டு ஒதுக்கீட்டில் கொடுத்த இடம் டிசம்பரோடு ரத்து. இறுதி முடிவெடுக்க டிசம்பர் நாலாம் தேதி குழு மறுபடி கூடுகிறது.

நான் கேட்டேன், "ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"சொல்லல போலிருக்கு மேடம்" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு அந்த நாளே ஞாபகத்துல இல்ல. பஸ்ல ஏறினதுகூட."

அவள் அப்பா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "நீங்க அவரோட தங்கச்சிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

தங்கை


செப்டம்பர் 9

தங்கைக்கு,

இருபத்தேழு! அந்தத் தாளை உன் அண்ணியிடம் காட்டினேன். "பாவம், அவளுக்கு யாரு சொல்லிக் குடுப்பா" என்றாள். சொல்லிக் கொடுக்கிறேன். பத்து பேர் இருக்கும்போது முழுக் கோர்ட்டிலும் ஓடித் தடுக்காதே. பின்வாங்கி மூன்று பேரைக் கூடைக்கு அடியில் நிறுத்து. பீரங்கியை மூலையில் வை. அவளுக்குப் பந்து போகிற வரை யாரும் எறியக் கூடாது என்று சொல்லிவிடு.

பிள்ளைகள் பேசவில்லை என்கிறாய். அது நான் பழக்கியது. என் அணியில் கோர்ட்டுக்கு ஒரே குரல்தான், அது என் குரல். ஆளுக்கு ஆள் கத்தினால் யார் சொல்வதைக் கேட்பது? அப்படித்தான் எட்டுப் படம் சுவரில் ஏறியது. நீ உன் இஷ்டப்படி மாற்றிக்கொள், மாறுமா என்று பார்க்கலாம்.

குருவி வீட்டுக்கு இனிமேல் போகாதே. நீ போனால் நான் அனுப்பியதாகத்தான் அவர்கள் நினைப்பார்கள். மறைத்தது அவள். அதற்கு நான் என் வேலையைக் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன கொடுக்கச் சொல்கிறாய்?

அண்ணன்


அக்டோபர் 22

அண்ணா,

நேற்றுப் பயிற்சியில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பலகையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க எழும்பியபோது நெட்டையின் முழங்கை பீரங்கியின் நெற்றியில் இடித்துவிட்டது. பீரங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய் அவள் முன்னால் குந்தி, "கண்ணைத் திற, நான் எத்தனை பேரா தெரியறேன்?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு மேடம்தான் தெரியறீங்க. அதுவே ஜாஸ்தி" என்றாள் அவள். புதிய பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் நெட்டை நடுங்கிக்கொண்டிருக்கிறாள். அடிபட்டவளைவிட இவள் முகம் வெளுத்திருந்தது. உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன்.

"சிரிக்காதீங்க மேடம், அவ சொன்னதுக்குச் சிரிக்காதீங்க" என்று மறுபடி மறுபடி அதையே சொன்னாள். தண்ணீர் குடிக்கவைத்த பிறகுதான் கோவையாகப் பேச்சு வந்தது.

"குருவி சொன்னா மேடம். பெஞ்சுல நான் அவ பக்கத்துலதான் இருந்தேன். சார்கிட்ட, 'சார், கூடை ரெண்டு ரெண்டா தெரியுது'ன்னா. சார் சிரிச்சார். 'ரெண்டு கூடை தெரிஞ்சா நல்லதுதானே, எதுல போட்டாலும் பாயிண்ட்டு'ன்னார். நாங்க எல்லாரும் சிரிச்சோம். அவளும் சிரிச்சா. அப்புறம் சார் அவ முதுகுல தட்டி எழுப்பிவிட்டார்."

"இதை ஏன் யாருமே குழுகிட்ட சொல்லல?"

"நாங்களும் சிரிச்சோமே மேடம்."

மற்ற ஐந்து பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஐந்து பேரும் அதே வார்த்தை. ஒருத்தி சொல்லும்போது உன் குரலிலேயே சொன்னாள். அவர்கள் கோர்ட்டில் வாய் திறக்காததற்கு நீ பழக்கியது மட்டும்தான் காரணமா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இது பொய் என்றால் பொய் என்று எழுது. நம்பிவிடுகிறேன். நம்பத்தான் ஆசைப்படுகிறேன். உண்மை என்றால் நாலாம் தேதிக்குள் நீயே குழுவுக்கு எழுதிவிடு. நீ எழுதாவிட்டால் நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையை எனக்கு வைக்காதே அண்ணா.

தங்கை


அக்டோபர் 31

நெட்டை என் மேல் கோபத்தில் இருக்கிறாள். இறுதி ஆட்டத்தில் அவளை நான் பாதியில் வெளியே எடுத்தேன். அந்தக் கோபத்துக்குக் கதை கட்டுகிறாள். மற்றவர்களுக்கு ஆட இடம் வேண்டும், நீ என்ன கேட்டாலும் ஆமாம் என்பார்கள்.

ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில், விளையாட்டுக்குச் சொன்ன ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுசனை எத்தனை தடவை கொல்வீர்கள்?

நீ குழு முன்னால் போனால், எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதையே மறந்துவிடுவேன். இதற்கு மேல் எனக்கு எழுதாதே.


டிசம்பர் 6

அண்ணா,

எழுதாதே என்றாய். ஆனாலும் இதை அடுத்தவர் வாயால் நீ கேட்கக் கூடாது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ கணக்கில்லை. நெட்டை சொன்னது கட்டுக்கதை என்று மேலே எழுதியிருக்கிறாய். விளையாட்டுக்குச் சொன்ன பேச்சு என்று கீழே எழுதியிருக்கிறாய். நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன்.

நேற்று முன்தினம் குழு முன்னால் போனேன். நெட்டையை மட்டும்தான் வரச் சொல்லியிருந்தேன். படிக்கட்டில் பார்த்தால் ஆறு பேரும் நிற்கிறார்கள். உள்ளே நீள மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். நாலாவது பெண் சொல்லி முடித்தபோது முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர், ஆறாவது பெண் முடிக்கும் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்களை டீமைத் தூக்கி நிறுத்தக் கூப்பிட்டோம். நீங்க பழைய குப்பையைக் கிளறிக்கிட்டு இருக்கீங்க. அடுத்த வருஷம் இந்த டீம் வேணுமான்னே நிர்வாகம் யோசிக்கும்" என்றார். ஒன்பது போட்டியில் இரண்டுதான் ஜெயித்திருக்கிறோம்.

முடிவு தள்ளிப்போயிருக்கிறது. "அவர் எழுத்துல குடுத்திருக்கார், இவங்க வாயால சொல்றாங்க" என்று குழுத் தலைவர் இழுத்தார். ஜனவரி இருபதுக்குள் உன்னிடம் பதில் கேட்டுக் கடிதம் வரும்.

படியிறங்கும்போது எனக்குப் பெருமையாக ஒன்றும் இல்லை. உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். வேறு சொல் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தங்கை


ஜனவரி 14

தங்கைக்கு,

குழுவின் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மட்டை கொடுத்தேன், மட்டை வாங்கினேன்.

உன் கடிதங்களை உன் அண்ணி எடுத்துப் படித்துவிட்டாள். நான் ஒளித்துவைத்த இடம் அவளுக்குத் தெரியாத இடமா என்ன? மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாவது நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கூடை தெரிஞ்சா நல்லதுதானேன்னு சொன்னீங்களா?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"அந்தப் பொண்ணு விளையாட்டுக்கா சொன்னா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். உனக்கு மட்டும் சொல்லி என்ன ஆகப் போகிறது?

ஆறு நிமிடம் மிச்சம் இருந்தது. நாலு பாயிண்ட் பின்னால் இருந்தோம். அவள் அப்படிச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை அடி பார்த்திருக்கிறேன், எனக்கா தெரியாது? தெரியாமல் இறக்கவில்லை. தெரிந்துதான் இறக்கினேன். அந்தப் பேச்சை நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டால் அவள் சொன்னது சிரிப்பாகிவிடும், சிரிப்பாகிவிட்டால் நான் அவளை அனுப்பிவிடலாம். அதற்குத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாளே, அதை வைத்துத்தான் இத்தனை மாதம் தூங்கினேன். நான் சிரித்ததால் அவள் சிரித்தாள். பெரியவர் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

பிறகு அவள் ஏழு பாயிண்ட் எடுத்தாள். கூடை இரண்டாகத் தெரிகிற நிலையில்.

நேற்றுக் குழுவுக்குத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, மூன்று வரி. அவள் சொன்னாள். எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் இறக்கினேன். இதற்குப் பிறகு கூடைப்பந்துச் சங்கம் என் பயிற்சியாளர் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இனி எந்தக் கோர்ட்டிலும் நான் நிற்க முடியாது. தபால் பெட்டியில் போடும்போது கை அந்த உறையை விடவில்லை. பின்னால் நின்றவர், "போடறீங்களா சார்?" என்று கேட்ட பிறகுதான் போட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. நீ செய்தது சரி என்று எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. தப்பு என்று எழுதவும் வரவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் குழுவின் முடிவு. குருவியின் காயம் அணிப் பணியில் நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். இடம் ரத்தாகவில்லை. ஒரு வருடம் விட்டுப் படிக்கலாம், பரீட்சையில் எழுத ஆள் வைத்துக்கொள்ளலாம். மறைத்து ஆடினாள் என்று அவள் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்துவிட்டார்கள்.

இனி எங்கள் அணியின் இந்த வருடக் கணக்கு. பதினாலில் மூன்று வெற்றி. பன்னிரண்டு அணிகளில் பதினோராவது இடம். நேற்றுத்தான் கடைசி ஆட்டம். அதைப் பற்றி உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஜெயித்தால் எட்டாவது இடத்துக்குப் போகலாம். முதல்வர் முதல் தடவையாகப் பார்க்க வந்திருந்தார். பீரங்கி மட்டுமே பத்தொன்பது பாயிண்ட் எடுத்திருந்தாள். கடைசிக் கால் பகுதியில் யாரோ ஒருத்தியின் தோள் அவள் காதோரம் பட்டது. நான் பார்த்தேன். எழுந்து ஓடினாள், சரி என்று விட்டுவிட்டேன். ஒரு நிமிடம் பத்து வினாடி பாக்கி இருந்தபோது பந்து வெளியே போனது. இரண்டு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். பீரங்கி நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

"மேடம், என்னை எடுத்துடுங்க. போர்டுல நம்பர் ஒண்ணு மேல ஒண்ணா தெரியுது" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை, பெஞ்சில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரே ஒரு நிமிடம்தானே, ஒரு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. முதல்வர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், அடுத்த வருடம் அணி இருக்குமோ இல்லையோ என்று தோன்றியது. "மூச்சு வாங்கறதால அப்படித் தெரியும்டி" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த ஒரு வினாடி நானும் நீயாகத்தான் இருந்தேன். உன்னைவிட நான் நல்லவள் என்று இனி யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

உட்கார் என்றேன். துணைக்கு வந்தவளை உள்ளே அனுப்பினேன். அவளுக்கு இரண்டு வாய்ப்பு கிடைத்தது. ஒன்று வளையத்தில் பட்டு வெளியே போனது, இன்னொன்று வளையத்தைத் தொடவே இல்லை. நாலு பாயிண்டில் தோற்றோம்.

பீரங்கி பெஞ்சில் அழுதாள். நெட்டை கீழே உட்கார்ந்து அவள் ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "நீ சொன்னதுதான் சரி, நீ சொன்னதுதான் சரி" என்று திட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கூட்டிப் போனேன். பத்து நாள் ஓய்வு, பிறகு பார்க்கலாம் என்றார்.

முதல்வர் வாசலில் நின்றார். "அந்தப் பொண்ணு இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப் பிடிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம் இல்ல?"

"ஜெயிச்சிருப்போம் சார்" என்றேன்.

அடுத்த வருடத்துக்கான வேலை உத்தரவு இன்னும் என் கைக்கு வரவில்லை.

தங்கை


மார்ச் 8

தங்கைக்கு,

சங்கத்தின் கடிதம் வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். உன் அண்ணி அதை வாங்கிப் படித்துவிட்டு, "சரி, சாப்பிட வாங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு குருவி வீட்டுக்குப் போனேன். நீ சொன்னதற்காகப் போகவில்லை, நீ சொல்லவும் இல்லை. முன்கூட்டி எழுதிக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வராதே என்றிருப்பார்கள். அதையே சாக்காக வைத்து நானும் போகாமல் இருந்திருப்பேன்.

அவள் அப்பா கொட்டகையில் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நான் நின்றேன். என்ன பேசுவது என்று ஐந்து மணி நேரம் பேருந்தில் கோத்து வைத்திருந்ததில், "தப்பு பண்ணிட்டேன்" என்று மட்டும் வந்தது.

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார். வீட்டுக்குள் போனார். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். போய்விடலாமா என்று இரண்டு தடவை திரும்பினேன்.

அவளே வெளியே வந்தாள். கறுப்புக் கண்ணாடி, அம்மாவின் தோளில் ஒரு கை. எப்போதும் ஒரு இடத்தில் நிற்காத பெண், தரையைத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்துக் காலை வைத்தாள். நான் கும்பிட்டேன். அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அன்னைக்கு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

"சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"கூடை ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னே."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. அம்மா பக்கம் திரும்பி, "பார்த்தியாம்மா, நான் சொல்லியிருக்கேன்" என்றாள். ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி ஒரு குரல். "ஒரு வருஷமா எனக்கே என்மேல சந்தேகம் சார். நானேதான் என்னைக் கெடுத்துக்கிட்டேனோன்னு."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிச்சம் தாங்கவில்லை என்று உள்ளே போய்விட்டாள். அவள் அப்பா கொட்டகைக்குத் திரும்பினார், ஆனால் நான் தெருவைத் தாண்டும் வரை இயந்திரச் சத்தம் கேட்கவில்லை.

அந்தப் பெண்ணின் தலையை மட்டும்தான் கெடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் சொன்ன வார்த்தையையே அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

திரும்பும்போது பேருந்து உன் வீட்டுத் தெரு முனையில் நின்றது. மொட்டை மாடியில் உன் அணிச் சட்டைகள் பத்தும் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். எழுந்து கதவு வரை வந்தேன். நடத்துநர், "இறங்கறீங்களா?" என்றார். இல்லை என்றுவிட்டேன்.

கோபத்தால் என்று நினைக்காதே. ஒரே நாளில் இரண்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை.

அண்ணன்